இருவரும் ஒருவரே

பாலக்கோடு தாலுகா ஆபீசுக்கு
இது மூன்றாவது நடை.
பத்திரத்தில் மாதம்மாள்.
இறப்புச் சான்றில் மாதேஸ்வரி.
"ரெண்டும் ஒரே ஆளுன்னு
நோட்டரிகிட்ட எழுதி வாங்கியாம்மா,
அப்பத்தான் பட்டா மாறும்."

நர்சிங் காலேஜுக்குப் பணம் கேட்டுப்போன அன்று
முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள் அத்தை.
உள்ளே ரேடியோ பாடாமல் பேசிக்கொண்டிருந்தது:
தக்காளி பெட்டி நாற்பது ரூபாய்.
அதன்பின் பதினோரு வருஷம்
கல்யாணத்தில், காரியத்தில்,
ஒருமுறை மாரண்டஹள்ளி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயே
பார்த்தும் பார்க்காதவளாய் இருந்தேன்.

உயிலின் தேதியைப் பார்க்கிறேன்.
அதே ஆடி.
அதே வாரம் புதன்கிழமை.
டயர் கடைக்காரரும் பால் சொசைட்டி மாணிக்கமும் சாட்சி.
"எனக்குச் சந்ததி இல்லாதபடியால்
என் ஆயுசுக்குப் பிறகு
என் அண்ணன் மகள் அம்சவேணி
சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவிக்க வேண்டியது.
வடக்கே பொன்னுரங்கம் சுவர்,
கிழக்கே பஞ்சாயத்துச் சந்து,
இதன் மத்தியில் உள்ள ஓட்டு வீடு,
மின் இணைப்பு,
கதவு நிலவு சகிதம்."

கதவு நிலவு சகிதம்.
வாசக்காலுக்கு நிலவு என்று பெயர் வைத்தவன்
பத்திரம் எழுதியே பிழைத்தானா?

சாத்தியவள் ஒருத்தி.
அந்தக் கதவையே எழுதிவைத்தவள் ஒருத்தி.
இருவரும் ஒருவரே என்று
இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
நான் சத்தியம் செய்ய வேண்டும்.

நோட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கேட்கிறார்:
"இந்தம்மாவ உனக்கு நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்றுதான்
கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே
ஏற்கெனவே டைப் அடித்திருக்கிறது.