ஐந்தில் பிடிக்க வேண்டும்

சனிக்கிழமை இரவு என் கார்
என்னைக் கேட்காமல் ஒரு சாண் நகர்ந்து
ஹிஞ்ச்லிஃப் வீட்டுக் குப்பைத் தொட்டியில் முட்டி நின்றது.
பெரிய சத்தம் ஒன்றுமில்லை.
பச்சைத் தொட்டி தலையைச் சாய்த்துக்கொண்டு
ஏதோ கேள்வி கேட்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

ஹாலிஃபாக்ஸில் தெருக்கள் படுப்பதில்லை.
ஏணியைச் சாய்த்துவைத்து
இருபுறமும் கறுத்த கல்வீடுகளை மாட்டியிருக்கிறார்கள்.
எங்கள் ஏணியின் அடியில் ஒரு பள்ளிக்கூடம்.
அன்று இரவு அதை மூன்று முறை நினைத்தேன்.

லிவர் ஒன்பது பல் ஏறுகிறது.
ஐந்தில் பிடிக்க வேண்டும்.
நூற்றெழுபது பவுண்டு, அதுவும் புதன்கிழமைதான் என்றது காரேஜ்.
திங்கள் காலை ஏழு மணி முதல் எனக்குப் பதினோரு வீடு:
இன்சுலின் நான்கு, கால்புண் மூன்று,
பேச ஆளில்லாமல்
ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்பவர்கள் மீதி.
எல்லாமே மேடு.

ஞாயிறு, மழை ஒரு மணிநேரம் தவணை கொடுத்தது.
பின்சந்து மட்டும்தான் இங்கே சமதளத்துக்குச் சம்மதிக்கும்.
முன்சக்கரங்களுக்குச் செங்கல், பின்னால் ஜாக்கி, ஸ்டாண்டு.
கையில் வார்டின் நீலக் கையுறை
(இரண்டு ஜோடி; கணக்கில் எழுதவில்லை).
பத்தாம் நம்பர் சாக்கெட்டை அரைமணிநேரம் தேடினேன்,
அது என் கோட்டுப் பையில் இருந்தது.

முதலில் கேபிளைத் தொடக் கூடாது.
கேபிளை இறுக்கினால் லிவர் சமாதானமாகிவிடும்,
டிரம்முக்குள் தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும்.
ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு
பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினேன்.
மாத்திரை அட்டையைப் பிதுக்கும் சத்தம்.

இடது சக்கரம் இம்மியும் அசையவில்லை.
என்ன பிடி, என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன்.
பிறகுதான் கவனித்தேன், லிவர் கீழே இருக்கிறது.
விட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் பிரேக் இல்லை.
ஏழு வருடம் ஒருவனோடு குடித்தனம் செய்தவளுக்கு
இது இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கலாம்.

நான்கு பல் பின்வாங்கினேன்.
சக்கரம் சுற்றியது, ஒரு சுற்றுக்கு ஒரு முறை
தாளைத் தாள் தொடுவதுபோல் உரசியது.
சரி.
வலதுக்கும் அதே. பிறகுதான் கேபிள் நட், அரைத் திருப்பு, இன்னொரு அரை.

மேட்டுத் தெருவில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு,
காலை எடுத்து,
நாடி பார்க்கும் கைக்கடிகாரத்தில் அரை நிமிடம் எண்ணினேன்.
நகரவில்லை.
நிமிர்ந்தால் தொட்டியருகே ஹிஞ்ச்லிஃப்.
மன்னிப்பைப் பாதி சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.
கதவைச் சாத்தவில்லை.
திரும்பி வந்து, ஆரஞ்சு பெயின்ட் அடித்த மர ஆப்பு ஒன்றை
முன்சக்கரத்துக்குக் கீழே காலால் தள்ளி நுழைத்தார்.
அதன் முதுகில் மார்க்கர் எழுத்து: கேரவன், இடது.
இவர் வாசலில் நான் கேரவனைப் பார்த்ததில்லை.
வலது எங்கே என்று கேட்கவுமில்லை.

இரவு இரண்டு மணிக்கு விழித்து ஜன்னலுக்குப் போனேன்.
கார் இருந்தது.
கீழ்வீட்டு வெளிச்சம் நடைபாதையில் விழுந்திருந்தது, அதில் ஒரு தலை.
அந்த நிழல் காரைப் பார்த்ததோ, தொட்டியைப் பார்த்ததோ.

காலை ஆறே முக்கால். லிவரை இறக்கினேன்.
கார் அசையவில்லை.
இடதை மறுபடி இறுக்கித் தொலைத்தேனா
என்று வயிறு கலங்கி இறங்கினால், ஆப்பு.

கதவைத் தட்டும் நேரமில்லை அது.
தொட்டி மூடியில் வைத்தேன்.
இன்று குப்பை வண்டி வரும் நாள் என்று
ஓடிப்போய் எடுத்தேன்.
பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன்,
பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது, போட்டுவிட்டேன்.
முதல் வீட்டுக்குக் கிளம்பினோம்,
அது தன் பக்கத்திலேயே, இடதில்.