ஜோடியாகத்தான் தருவார்கள்

பெரிங்ஹார்ஜோ சந்தையில் பாத்திக் துணியைக்
கண்ணால் பார்த்து வாங்குபவர்கள் உண்டு,
விரலால் நிமிண்டி, மூக்கருகே கொண்டுபோய்
மெழுகு வாசம் பிடித்து வாங்குபவர்களும் உண்டு.
எனக்குத் தெரிந்தது எடை.
இருபத்திரண்டு வருடமாக இந்தப் படிகளில்
முதுகில் கட்டி ஏற்றியிருக்கிறேன்.
கையால் எழுதியதும், அச்சில் குத்தியதும்,
ஆலையில் அடித்துத் தள்ளியதும்
முதுகுக்கு ஒரே கனம்தான்.

இன்று தூக்குத்துணியை இடுப்பில் சுருட்டிக்கொண்டு
வாங்க வந்தேன்.
காலை ஏழு ஆகவில்லை. போணி நேரம்.
முதல் நோட்டை வாங்கி
அடுக்கு அடுக்காகச் சரக்கின் மேல் தட்டாமல்
எந்தக் கடைக்காரிக்கும் நாள் தொடங்காது.
அந்த நோட்டு என்னுடையதாக இருக்கட்டும்,
ஐந்தோ பத்தோ குறையும்.

ரெத்னானிங்கிடம் கேட்டேன்: "ட்ருந்தும் இருக்கா?"
கறுப்பில் இறைத்த பொடிப் பொடிப் பூ,
நட்சத்திரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.
கல்யாணத்தன்று பெற்றவர்கள் கட்டுவது.
விரித்தாள். புறத்தையும் புரட்டிக் காட்டினாள்.
அச்சும் அச்சும் சேர்கிற இடத்தில்
ஒரு பூவின் மேல் இன்னொரு பூ
அரை இதழ் ஏறி உட்கார்ந்திருந்தது.
"அச்சு வேலைக்குக் கைவேலை விலை சொல்லாதே."
சிரித்தாள். "ஜோடி நானூற்றைம்பதாயிரம்."

"ஒன்று போதும்."

"ட்ருந்துமை யாராவது ஒற்றையாக வாங்குவார்களா?
மிச்சத்தை நான் யார் தலையில் கட்டுவது?"

காலிமந்தானுக்கு நிலக்கரி அள்ளப் போன மனிதன்
முதல் வருடம் பணம் அனுப்பினான்,
இரண்டாம் வருடம் போட்டோ அனுப்பினான்,
அப்புறம் போன் நம்பரை மாற்றிவிட்டான்.
மருந்துக் கடையில் மாத்திரை எண்ணித் தருகிற மகள் யூலியாசிஹ்
அழைப்பிதழில் அவன் பெயரைப் போட்டிருக்கிறாள்,
எழுத்துப் பிழை இல்லாமல்.
இதையெல்லாம் போணி நேரத்தில் சொல்லலாமா?
"அவருக்கு இருக்கு" என்றேன்.
பொய்யென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.
துணியை மடிக்கத் தொடங்கினாள்.

"ஒற்றைக்கு நூறாயிரம்."
"விடியக்காலையிலேயேவா?"

அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியாததா?
திரும்பி நடக்க வேண்டும்.
ஜகார்த்தாக்காரர்களை நாலாவது அடியில் கூப்பிடுவார்கள்,
வெள்ளைக்காரர்களை ஏழாவதில்.
எத்தனை பேருக்குப் பின்னால் மூட்டையோடு நின்று
எண்ணியிருக்கிறேன்.
நடந்தேன். நாலு. ஏழு. பதினொன்று.
மாடிப்படி வந்துவிட்டது.
கூப்பிடவில்லை.
நான் எங்கே போய்விடப் போகிறேன்,
மத்தியானம் அவள் மூட்டையையும்
நான்தானே சுமக்கணும்.

சுமந்தேன். நாற்பது கிலோ.
இறக்கிய மூச்சு அடங்குமுன்
கூலி ஐயாயிரத்தை நீட்டியவள்
பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.
"ரெண்டையும் எடுத்துக்கோ. முந்நூறு.
நடையாகக் கழி."
அறுபது நடை.
தூணில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டுக்
கால்குலேட்டருக்குத் திரும்பிவிட்டாள்.
இரக்கமா வியாபாரமா என்று
அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சார்ஜினெமுக்குக் காட்டினேன்.
என்னோடு சுமப்பவள்,
என்னைவிட ஒரு சாண் குள்ளம், ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்குவாள்.
டெம்பே எண்ணெயைத் தன் கைலியில் துடைத்துவிட்டு
இதழ் ஏறின இடத்தைத் தேடித் தொட்டாள்.
"இது தப்பா?"
"தப்புதான். அந்தத் துணி எனக்கு.
மற்றதைக் கட்டிக்கொண்டு நீ பக்கத்து நாற்காலியில் உட்காரு."

வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள்.
"மீசை வரைஞ்சுக்கணுமா?"
"வேண்டாம்."
"எவ்வளவு நேரம்?"
"மூன்று மணி நேரம் ஆகும்.
வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்கணும்."
"மற்றபடி சும்மா உட்காரணுமா?"
"சும்மாதான்."

"முதுகில் ஒன்றும் இல்லாமலா?" என்றாள்,
நிஜமாகவே கவலைப்பட்டு.