முப்பத்தெட்டாம் மணி

லேபிளில் எழுத மூன்று வார்த்தை வேண்டும்.
நாலு நாளாக உறிஞ்சுகிறேன், துப்புகிறேன்.
சிம்மக்கல் மாடியில் ஐந்து கண்ணாடிக் குவளை,
ஒரு கரண்டி,
கீழே வாழைத்தார் லாரியின் ஹாரன்.

தாண்டிக்குடிக்கு மேலே ஒரே தோட்டம்,
அதிலும் கிழக்குச் சரிவு மட்டும்.
தை முதல் வாரத்துப் பழம்.
நாலாயிரத்து முந்நூறு அடி என்று
சாக்கில் எழுதியிருக்கிறது.
மிளகுக்கொடி ஏறிய முள்முருங்கை நிழலை
யாரும் எழுதவில்லை.
கழுவி, வலைக்கட்டிலில் ஒன்பது நாள் வெயில்.
கொட்டை வெடிக்கத் தொடங்கிய
ஒன்றரை நிமிஷத்தில் நான் இறக்கிவிட்டேன்.

ஆரப்பாளையத்தில் பஸ் இறங்கி
கண்ணாஸ்பத்திரிக்குப் போகிற வழியில்
மீதிச் சாம்பிளைக் கொடுக்க வந்தாள் பவுன்தாய்.
பல்ப்பர் கொட்டகையில் பதினோரு வருஷம்.
"கண்ணு மங்கிருச்சு. தொட்டிக்குக் கண்ணு எதுக்கு?
கைய விட்டாத் தெரியும்.
வழுவழுன்னா இன்னும் கெடக்கணும்.
ஆத்து மணலக் கசக்குனாப்ல நறநறன்னா
தண்ணியத் தெறந்துவிடு."

குடித்திருக்கிறாயா என்றேன்.
இல்லை.
தொட்டியில் மிதக்கிற பழமெல்லாம் அவர்களுக்கு.
அதை வறுத்து, சிக்கரி போட்டு, வெல்லம் போட்டு.
மூழ்கியது மலையிறங்கிவிடும்.

ஒரு குவளை நீட்டினேன்.
பால் இல்லை, சீனி இல்லை.
ஒரே மடக்கில் முகம் சுளித்தாள்.
"புளிக்குதே சார்."
"அந்தப் புளிப்புக்குத்தான் விலை."
அவள் சிரிக்கவில்லை. இன்னொரு மடக்கு.
நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்தபடி
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்த ராத்திரி.
பனியில தொட்டி மெதுவாத்தான் புளிச்சுச்சு,
இருந்தாலும் முப்பத்தாறு மணிக்கு
கழுவியிருக்கணும்.
மோட்டாருக்கு டீசல் இல்ல.
பண்ணைக்காட்டுக்குப் போன தவசி
விடியத்தான் வந்தான்.
ரெண்டு மணி நேரம்
கைய விட்டு விட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன்.
மேஸ்திரிகிட்டச் சொல்லல."

குவளை ஆறியிருந்தது.
ஆறின பிறகுதான் எழும்புகிறது
நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளிய வாசம்,
அதற்கு அடியில் முற்றாத வெல்லப்பாகு,
பிறகு தொண்டையில்
மழை விட்ட பாறைபோல ஒன்றுமில்லாத ஒரு சுத்தம்.
நாலு நாளாக நான் பெயர் தேடியது
அவள் நின்ற இரண்டு மணி நேரத்துக்கு.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க,
கூலியில பிடிச்சுருவாங்க."

சொல்லவில்லை.
நார்த்தங்காய், வெல்லம் என்று எழுதி
பேனாவை மூடினேன்.
பாதிப் படி இறங்கியவள் திரும்பினாள்.
"அடுத்த வருசமும் இதே மாதிரி கேப்பாங்களா?"
கேட்பார்கள் என்றேன்.
"அப்ப டீசலு?"