ஒரே முகவரி

கிளாக்ஸ்விக் துறைமுகத்து மீன் கிடங்கில்
இரவு இரண்டேகாலுக்கு
இந்த ஸ்விட்ச் அறை மட்டும் வெதுவெதுப்பு.
சுவருக்கு அந்தப் பக்கம் மைனஸ் இருபத்து நான்கு.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டி.
முதுகில் இரண்டு குட்டைக் கேபிள்
மேலும் கீழும் ஓடி வளையமாகிறது.
பெட்டி இரண்டு, பெயர் ஒன்று, முகவரி ஒன்று.
மேலே இருப்பவள் தலைவி.
அவள் விழுந்தால் கீழே இருப்பவள் எழுவாள்.
அப்படித்தான் நம்பியிருந்தோம்.

போன மாதம் வரை
வெளியே போகும் இரண்டு ஃபைபரும்
மேல் பெட்டியிலேயே செருகியிருந்தன,
இருபத்து மூன்றிலும் இருபத்து நான்கிலும்,
ஒட்டிப் பிறந்தவை மாதிரி.
செருகியவள் நான்தான்.
கை எட்டிய இடம் அது; வேறு காரணமில்லை.

ஜனவரி பதினேழு.
மேல் பெட்டிக்கு மின்சாரம் செத்தது.
கீழே இருப்பவள் அந்தக் கணமே முடி சூடினாள்.
கோட்டை இருந்தது. வாசல் இல்லை.
நாற்பது டன் சால்மன்
யாருக்குப் போவதென்று தெரியாமல்
பனிக்கட்டியில் கிடந்தது.
இரவுக் காவலர் லெஷெக்
சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து அழைத்தார்.
தாளில் இரண்டு பெயர்: ரன்வா, ஹெய்னி.
இரண்டு எண்.
இரண்டு போனும் ஒரே சமையலறை மேசையில்
ஒலி அணைந்து கிடந்தன,
எங்கள் சண்டை முடியட்டும் என்று.

அறிக்கையில்
பெட்டியைப் பற்றி மட்டும் எழுதினேன்.

இன்று ஒரு ஃபைபர் மேலே, ஒரு ஃபைபர் கீழே.
இரண்டையும் ஒரே கட்டாக்கச் சொல்லி
ஆறு வரி அடித்தாயிற்று.
எதிர்முனையும் சம்மதிக்க வேண்டும்;
ஒரு பக்கம் மட்டும் கட்டிக்கொண்டால்
அது கட்டு இல்லை.
நொடிக்கொரு தரம் இது கேட்கும்: இருக்கிறாயா?
அது சொல்லும்: இருக்கிறேன். நீ?
மூன்று முறை பதில் வராவிட்டால் கையை விட்டுவிடும்.
கோபம் கிடையாது. பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.
நானும் ஹெய்னியும்
எத்தனையாவது முறையில் விட்டோம்
என்று எண்ணிவைக்கவில்லை.

கம்பி இரண்டானால் பேச்சு இரட்டை வேகத்தில் போகும்
என்று முதலாளி நினைக்கிறார்.
ஒரு பேச்சு ஒரு கம்பியில்தான் போகும்,
பக்கத்துக் கம்பி காலியாகவே கிடந்தாலும்.

நான் பயப்படுவது
பெட்டி சாவதற்கு இல்லை.
முதுகுக் கேபிள் இரண்டும் அறுந்து
இரண்டு பேரும் உயிரோடிருப்பதற்கு.
ஒருத்தி செத்துவிட்டாள் என்று மற்றவள் நினைப்பாள்.
இருவரும் தலைவி, இருவருக்கும் ஒரே முகவரி,
வருகிற கடிதமெல்லாம் திண்டாடும்.
அதற்கென்று தனியாக ஒரு மெல்லிய கம்பி போட்டிருக்கிறேன்.
அது சரக்கு சுமக்காது.
அடுத்தவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கும்.
விடுகிறாள் என்றால்
எண்ணில் பின்னவள் தன் வாசல்களையெல்லாம்
தானே சாத்திக்கொண்டு ஒதுங்க வேண்டும்.

ஹெய்னி ஒதுங்கினான்.
தெற்குத் தீவில் இருக்கிறான், கப்பலில் இரண்டு மணி நேரம்.
சுவர்த்தாளில் இன்னும் அதே இரண்டு பெயர்.
இப்போதுதான் அவை இரண்டு.

லெஷெக் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்:
நன்றாக ஓடுவதை எதற்குப் பிடுங்குகிறாய்?
நின்ற பிறகு பிடுங்கினால் என்ன தெரியும் என்கிறேன்.
அவர் சிலுவை போட்டுக்கொள்கிறார்.

மேல் ஃபைபரின் நாக்கை அமுக்கி இழுத்தேன்.
பச்சை விளக்கு ஒன்று அணைந்தது.
திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிசையில்
ஒரே ஒரு பதில் தவறியது.
அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும்.
உள்ளே எங்கோ தராசு ஒன்று
எதுவும் நடக்காததுபோல் எடை சொல்லிக்கொண்டிருந்தது.

பதினோராம் நொடி பையில் போன் அதிர்ந்தது.
மேல் ஃபைபர் விழுந்திருக்கிறது. நீதானா?

இந்நேரத்தில் தூங்காமல் இருக்கிறான்.

கம்பி ஒரு கையில் இருந்ததால்
மறு கையின் கட்டைவிரலால் அடித்தேன்:
நான்தான்.