இடுப்பு வலி

இடுப்பு வலி என்றுதான் சொன்னேன்.
ஈப்போவிலிருந்து பேசிய சின்னம்மாவுக்குக்
காது கொஞ்சம் மந்தம்.
"ஐம்பத்தெட்டு வயசிலயா?" என்றாள்.
அவள் வாயில் கைவைத்தது எனக்கு இங்கே கேட்டது.
பிள்ளை பெறாதவள் நான். சிரித்தேன்.
தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டேன்.

பிறந்ததை எக்ஸ்ரேயில் காட்டினார்கள்.
வெள்ளை வெளேரென்று ஒரு தண்டு, தலையில் ஓர் உருண்டை.
நெடுநாள் வாடகைக்கு வந்ததுபோல
எலும்புக்குள் சாமான் இறக்கியிருந்தது.
உடம்பில் உலோகம் எதுவும் கூடாதென்று
முந்தின இரவு சோப்புப் போட்டுக் கழற்றிய மெட்டி இரண்டும்
என் பெயர் ஒட்டிய காகித உறையில் கிடந்தன.

தொண்ணூறு டிகிரிக்குமேல் மடக்காதே.
குனிந்து எதையும் எடுக்காதே.
கால்மேல் கால் போடாதே.
இந்தக் கடைசியை முதலில் சொன்னவர் அப்பா,
பிறகு மாமியார்,
பிறகு டிப்போவில் ஒரு சூப்பர்வைசர்.
இப்போது எலும்பு டாக்டர், கையெழுத்துப் போட்டு.
ஒருவழியாக ஒரு காரணம் கிடைத்தது.

மூன்று படி உள்ள மரப்பெட்டிமுன் ஹிதாயா சொன்னாள்:
நல்ல கால் சொர்க்கத்துக்கு முதலில் ஏறும்,
கெட்ட கால் நரகத்துக்கு முதலில் இறங்கும்,
இவ்வளவுதான் மேடம், மறக்காதீங்க.
வலது காலைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷம் பிரேக் மிதித்த கால்.
பந்தைத் துரத்தி வந்த பையனுக்கு
ஒரு முழம் முன்னால் பஸ்ஸை நிறுத்தியதும் இதுதான்.
இதையா கெட்டது என்பது?
கேட்கவில்லை.
கெட்டதை முன்னால் வைத்து இறங்கினேன்.

இரவில் மல்லாந்தே கிடக்கவேண்டும்,
கால்களுக்கு நடுவே தலையணை,
அதற்கு அந்தப் பக்கம் பரஞ்சோதி.
காலையில் முட்டி போட்டு
அந்த இறுக்கமான வெள்ளைக் காலுறையை மாட்டிவிடுவார்,
"ஆடாதே" என்பார்,
மீன்காரன் சாக்கை இழுப்பதுபோல இழுப்பார்.
மெட்டியைத் திரும்பப் போட்டுவிடட்டுமா என்று ஒருநாள் கேட்டார்.
வீக்கம் வடியட்டும் என்றேன்.
வடிந்து எட்டு நாளாகிறது.
இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

ஏழாவது வாரம், ஒற்றைத் தடி.
எங்கள் பிளாக்குக்கு எதிரே யீஷூன் சந்தை,
நடுவே நாலு தடச் சாலை.
எனக்கு அத்துப்படிதான், ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து.
பச்சை மனிதன் எத்தனை விநாடி நடப்பான் என்று தெரியும்.
வயதானவர்கள் அட்டையைத் தட்டினால்
இன்னும் கொஞ்சம் நடப்பான்.
அவர்கள் தட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம்
போச்சுடா, ஒரு நிமிஷம் லேட் என்று முனகியிருக்கிறேன்.
ஒருமுறை ஹாரன்மேல் கைவைத்துவிட்டு எடுத்தேன்.
எடுத்தேன் என்றுதான் ஞாபகம்.

எனக்கு அறுபது ஆகவில்லை, அட்டை இல்லை.
பொத்தானை அமுக்கிவிட்டு நின்றேன்.
முந்தின பச்சையில் கடந்துவந்த சீனப் பெரியவர்,
ஒரு கையில் கங்கோங் கட்டு, மறுகையில் மீன் பை,
என் தடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.
நாலடி போனவர் திரும்பிவந்தார்.
பைகளைக் கீழே வைத்து, சட்டைப் பையைத் துழாவி,
தன் அட்டையைக் கம்பத்தில் தட்டினார்.
"மெதுவா, மெதுவா" என்று மலாயில் சொன்னார்,
நான் மலாய்க்காரியா என்றுகூடப் பார்க்காமல்.

பச்சை.
தடி, கெட்ட கால், நல்ல கால்.
முதல் தடத்தில் நின்ற பஸ்ஸில் எங்கள் டிப்போ ரவூஃப்.
கையசைத்தான். என் இரண்டு கையிலும் சாமான்.
மூன்றாம் தடத்தில் நிமிர்ந்து பார்த்தேன்,
எண் ஏழில் மின்னியது.
இன்னொருவர் கணக்கிலிருந்த ஏழு விநாடி.
அவசரப்படாமல் செலவழித்தேன்.

அந்தக் கரையில் நின்று நன்றி சொல்லவேண்டும்.
இடுப்பைச் சட்டென்று திருப்பக்கூடாது.
டிப்போவுக்குள் டபுள் டெக்கரை வளைப்பதுபோல
அரையடி, அரையடியாக
முழு உடம்பையும் சேர்த்துத் திருப்பினேன்.
அதற்குள் அவர்
லிஃப்ட்டுக்குப் போயிருந்தார்.