அரைக்கோளம்

செவ்வாய்க்கிழமை உலையின் வாய் அடைத்துக்கொண்டது.
அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, கடைசிக் கொட்டகை.
இரும்பு உருகி உள்ளே நிற்கிறது.
கசடு மட்டும் பதம் தப்பிய பாணிபோல்
யூட் விட்ட கம்பியைப் பிடித்தது,
விடவேயில்லை.

"இன்னும் கரி போடு" என்றார் பத்திநாதர்.
அவருக்கு எல்லா வருத்தத்துக்கும் சூடுதான் மருந்து.
கற்கரி மூட்டையின் விலை சொல்லிப் புலம்புகிறவரும்
அவரேதான்.

ஒரு துண்டைக் கைலேஞ்சியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கறுப்புக் கண்ணாடி. முறித்த இடம் மினுங்கிற்று.
வார்ப்பில் ஒட்டிய மணல்,
பம்புச் சில்லின் துரு, தையல் மெசின் கால்களின் துரு,
இரண்டு தரம் திருப்பிப் பார்த்து,
என்னவென்று கேளாமல் போட்ட
வேறு சில இரும்புகளின் துரு.
ஆக, சிலிக்கா.
அதோடு களிமண் தந்த கொஞ்சம் அலுமினா.

சுண்ணாம்பு வேண்டும். கடை பூட்டு.
கேத்திலைக் கவிழ்த்தேன்.
எங்கள் கிணறு நாலு வருசமாய்
அடியில் கட்டிவைத்த வெள்ளை, நகத்தின் தடிப்பு.
சுரண்டி, இடித்து, சுட்டு
அதிலிருந்த காற்றை விரட்டி, நிறுத்தேன்:
பதினொரு கிராம்.
(பத்திநாதரின் சிறுநீரகத்தில் இருப்பது
இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அவரிடம் சொல்லவில்லை.)

கசட்டுப் பொடியோடு குழைத்து
உளுந்து உயரத்தில் உருளைகள்.
சின்ன மின்னுலை, கறுத்தக் கண்ணாடித் துளை,
ஒரு கண்.

ஒன்றும் சேராதது விறைத்து நின்றது.
ஐந்து வீதம்: விளிம்பு மழுங்கிற்று.
பத்து: ஒரு பக்கம் தோள் சரிந்து
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பியது.
இருபது,
ஆயிரத்து இருநூறு பாகைக்குச் சற்று மேலே,
குந்தியது, உருண்டது, உயரம் பாதியாகி
அரைக்கோளம் ஆனது.
உருகிவிட்டது என்று புத்தகம் ஒப்புக்கொள்ளும் வடிவம்.
நான் எழுதி முடிக்குமுன் படர்ந்துவிட்டது.
நாற்பத்தைந்தோ
சேராததைவிட மோசம், அசையவேயில்லை.

சுண்ணாம்பு தனியே இரண்டாயிரத்து அறுநூறு கேட்கும்.
அலுமினா இரண்டாயிரத்துக்கு மேல்.
சிலிக்கா ஆயிரத்து எழுநூறு.
பங்கு சரியாய் வாய்த்தால்
மூன்றும் கூடி ஆயிரத்து நூற்றெழுபதில் இளகும்.
இதில் அன்பு கின்பு ஒன்றுமில்லை.
சிலிக்கா கைகோத்துச் சங்கிலியாய் நிற்கிறது,
சுண்ணாம்பு தன் ஒட்சிசனைக் கொடுத்து
கண்ணி கண்ணியாய் அறுக்கிறது.

வெள்ளி காலை, கற்கரியோடு
இரண்டு வாளி உடைத்த சுண்ணக்கல்.
கசடு ஓடிற்று.
"தோசை மா மாதிரி" என்று யூட் துள்ளினான்.
பத்திநாதர் எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கினார்,
எனக்கு மட்டும் றோல்ஸும்.

சனி, ஞாயிறு நான் வரவில்லை.
திங்கள் வந்தபோது
உலையின் மேற்குப் பக்கத்தில்
கோப்பை அகலத்துக்குப் பெயின்ற் பொங்கியிருந்தது.
விரலை நனைத்துத் தொட்டேன். சுர்ரென்றது.
"எத்தினை வாளி போட்டனீங்கள்?"
"அஞ்சு. ரண்டுக்கே அப்பிடி ஓடினதெல்லே."

உள்ளே சிலிக்கா போதாமல்
சுண்ணாம்பு சுவரில் கை வைத்திருக்கிறது.
சுவரும் சிலிக்காதான்.
எது கசடு, எது வீடு என்று
அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"ஓடுதுதானே, தங்கச்சி?"
"ஓடுது" என்றேன்.
"என்ன ஓடுது எண்டு ஒருக்கால் பாருங்கோ."