பதினெட்டு

சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்னுடையது,
மேலே முப்பது ஷமீமுடையது.
அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று:
பின்சீட்டைக் கழற்றக் கூடாது,
புதன்கிழமை துணிமூட்டை ஏற வேண்டும்.

ஆர்மடா. தொண்ணூற்றேழு மாடல்.
கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் ஓடி ஓய்ந்தது.
ஏசி துவாரத்தில் இன்னமும் ஒரு புளித்த வாசனை.
ஸ்டியரிங் கால்வட்டம் சும்மா சுற்றும்,
பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும்.
நாலு சக்கரமும் இழுக்குமா என்று கேட்டேன்.
விற்றவன் சிரித்தான்:
"ரெண்டு இழுக்கும்க்கா. மிச்சம் ரெண்டு கூடவே வரும்."

சுகாதார நிலையத்து ஊசிச் சீட்டின் பின்புறம் கணக்கு எழுதினோம்.
கயிறு, டிராக்டர் கடையில், எண்ணூறு.
முன்னும் பின்னும் கொக்கி, பாலக்கோட்டுப் பட்டறையில் வெல்டிங், அறுநூறு.
(பம்பரில் கயிறு கட்டினால்
பம்பர் மட்டும் வெளியே வரும் என்றார் பட்டறைக்காரர்.)
காற்றுமானி இருநூற்றைம்பது.
சாக்கு நாலு, சும்மா.
மண்வெட்டி, சும்மா.
சைக்கிள் பம்பு ஷமீமின் தம்பியுடையது. அவனுக்குத் தெரியாது.
வின்ச் என்று எழுதி, விலையைக் கேட்டு,
ஒரு கோடு போட்டு அடித்தோம்.
மனசு கேட்காமல் இன்னொரு கோடு.

ஞாயிறு.
மாரண்டஹள்ளி தாண்டி சின்னாறு, தண்ணீர் இல்லாத மாசம்.
வனத்துறைப் பலகை தெரிந்த இடத்திலேயே
இந்தப் பக்கம் திரும்பிவிட்டோம்.
யானையோடு பழகும் அளவுக்கு
எங்களிடம் ரிவர்ஸ் கியர் இல்லை.

முதலில் நடந்தோம்.
செருப்பைக் கழற்றி, மணலை மிதித்து மிதித்து,
என் கணுக்கால் புதைந்த இடத்தில்
ஷமீம் ஒரு வேலங்குச்சி நட்டாள்.
ஏழு குச்சி.
ஏழையும் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டு
மூன்றாவதன் மேலேயே ஏற்றினேன்.

வண்டி நின்றது.
பயத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.
பின்சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டி
அச்சுவரை இறங்கிப் படுத்துக்கொண்டது.

"காலை எடு," என்றாள் ஷமீம்.
கத்தவில்லை.
காஜா எடுக்கும்போது பேசுகிற குரல்.

டயருக்குப் பக்கத்தில் குந்தி வால்வை அழுத்தினேன்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
நாளுக்கு அறுபது கைகளில் பட்டி சுற்றி
ரத்தக் கொதிப்பு பார்க்கிறவள் நான்.
முப்பத்திரண்டு, இருபத்தாறு, இருபது,
பதினெட்டு.
தட்டில் போட்ட களியாட்டம்
டயர் அகன்று உட்கார்ந்தது.

மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது
அக்கரையிலிருந்து இறங்கியது ஒரு குட்டியானை,
தக்காளிப் பெட்டி முப்பது, மேலே ஒரு சைக்கிள்.
டயரில் பூ என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.
முனிமாது என்று கண்ணாடியில் பேர்.
எங்கள் பக்கத்தில் வந்து மெதுவாக்கினான், நிறுத்தவில்லை.
"எங்கக்கா போகணும்?"
எங்கேயும் இல்லை என்றேன்.
"பின்ன ஏன் மாட்டினீங்க?"

இதற்கு ஆஃப்ரோடு என்று பேர், தம்பி,
பழகிக்கொண்டிருக்கிறோம்
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
ஐந்தாம் குச்சியையும் ஆறாம் குச்சியையும்
முறித்துக்கொண்டு கரையேறிவிட்டான்.
அவனுக்கு மண்டி ஏழு மணிக்கு.
அவனுக்கு இது ரோடு.

கொஞ்ச நேரம் அவன் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நேராக இல்லை.
மணல் இளகிய இடத்திலெல்லாம்
ஒரு முழம் விலகி, திரும்ப வந்து, மறுபடி விலகி.

சாக்கை விரித்தோம்.
முதல் கியர், கிளட்சில் கால் இல்லை,
ஆக்சிலேட்டரில் பெருவிரல் மட்டும்.
ஒரு முனகல்.
பிறகு நகர்ந்தது,
அவ்வளவு மெதுவாக, ஷமீம் கூடவே நடந்து வந்தாள்
ஜன்னலில் கை வைத்தபடி.
அவன் தடத்தில் முன்சக்கரத்தை விட்டேன்.
அளந்தால் பதினொரு மீட்டர் இருக்கும்.
கரையேறி எஞ்சினை அணைத்ததும்
இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

தார் ரோட்டுக்கு முன்னால் காற்று நிரப்ப வேண்டும்.
நாலு டயர், ஒரு சைக்கிள் பம்பு,
ஆளுக்கு நூறு அடி, மாற்றி மாற்றி.
மூன்றாவது டயரில் பொழுது சாய்ந்தது.
பம்பின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு ஷமீம் சொன்னாள்:
அடுத்த வாரம் இருபதோடு நிறுத்திக்கலாம்டி,
பதினெட்டு வேண்டாம்.